புது லேப்டாப் வாங்குவதற்கு முன்னால்

பாப்பாவுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, வெளியே மழை கொட்டுகிறது போல என்று நினைத்தேன், அப்புறம்தான் நீ சொன்னாய் அது லேப்டாப் விசிறி என்று. எதையுமே திறக்காமல் சும்மா வைத்திருக்கும்போதே இப்படி, மடியில் வைத்தால் சுடுகிறது, பேட்டரி நிற்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கொஞ்சம் பொறு. போன வருஷம் என்னுடையதும் இதே பாடுதான் படுத்தியது, மூன்று வாரம் மல்லுக்கட்டித்தான் காரணத்தைப் பிடித்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதனால் எழுதுகிறேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கு, இப்போது ஓடுகிற ப்ரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு (ப்ராசசர்) என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதை அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். உடனே எண்ட் டாஸ்க் கொடுத்துத் தொலைத்துவிடாதே. ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு பார். எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம், ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் 12, 13, 12, 13 என்று மணிக்கணக்கில் நின்றது. பன்னிரண்டு சதவீதம்தானே, இதற்கா இவ்வளவு சூடு என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, என் லேப்டாப்பில் லாஜிக்கல் ப்ராசசர் (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் கைகள் மாதிரி) 8, நூறை எட்டால் வகுத்தால் 12.5. ஏதோ ஒன்று எட்டில் ஒன்றை முழுசாகப் பிடித்துக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. உன்னுடையதில் எத்தனை என்று பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் போட்டிருக்கும்; 4 என்றால் அந்த எண் 25.

(சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் என்று ஒன்று 90, 95 என்று காட்டும். பயந்துவிடாதே, ப்ராசசர் எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதுதான் அது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு "இதோ திருடன்" என்று எழுந்தே நின்றுவிட்டார்.)

தானாக அடங்குபவையும் உண்டு. விண்டோஸ் அப்டேட் முடிந்த கையோடு கொஞ்ச நேரம் பின்னணியில் வேலை ஓடும். நீ ஏராளமான போட்டோக்களைக் காப்பி செய்து போட்டிருந்தால் தேடுவதற்கு வசதியாக அட்டவணை போடும் சர்ச் இண்டெக்ஸர் ஓடும், வைரஸ் சோதனையும் அப்படியே. சார்ஜரில் போட்டு ஓர் இரவு விட்டால் முடிந்துவிடும். அதற்காக ஆன்ட்டிவைரஸை நிறுத்தி வைக்காதே.

என்னுடையதில் மேலே நின்றது டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட். நானும் நான்கைந்து தடவை அதைக் கொன்றேன். விசிறி அடங்கும், போய் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் மறுபடியும் ஆரம்பிக்கும். இது விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு விசாரணை கவுண்டர் மாதிரி. பேட்டரி எவ்வளவு இருக்கிறது, என்னென்ன டிரைவர் போட்டிருக்கிறது என்று மற்ற ப்ரோகிராம்கள் வந்து கேட்கும், இது தேடி எடுத்துச் சொல்லும். கேட்கிறவன் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டிருந்தேன்.

யார் கேட்கிறார்கள் என்று, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் தெரியும். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தட்டித் திற. அதில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டி, ஆபரேஷனல் என்று வரிசையாக இறங்க வேண்டும், வழி நீளம்தான். அங்கே எர்ரர் வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் க்ளையன்ட் ப்ராசஸ் ஐடி என்று ஓர் எண், கேட்கிற ப்ரோகிராமின் எண் அது. எனக்கு வரிக்கு வரி ஒரே எண். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எதற்கும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தேடலாம் என்று நினைத்தேன் பார், அங்கேதான் கோட்டை விட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாருக்கும் எண் மாறிவிடும். காகிதத்தில் இருந்த ஆசாமி ஊரிலேயே இல்லை. நீ அந்த எண்ணைப் பார்த்த உடனேயே டாஸ்க் மேனேஜரில் அதே டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் பிஐடி (ப்ராசஸ் ஐடி) என்ற வரிசையில் தேடு.

என் விஷயத்தில் அகப்பட்டது லேப்டாப் கம்பெனி தானாகவே போட்டுக் கொடுத்திருந்த உதவி ப்ரோகிராம். நான் கேட்டு வாங்கியதில்லை, ஒரு நாளும் திறந்ததும் இல்லை. பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் அதைத் தேடி ஸ்டாப் கொடுத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், விசிறி கீழே கீழே இறங்கி நின்றேவிட்டது. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பின்னாடி அதன் புது வெர்ஷனைப் போட்டுப் பார்த்தேன், மறுபடியும் அதே கூத்து, ஒரேயடியாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். கீபோர்டு விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஒன்று போயிற்று, போகட்டும். ஆனால் விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் (டபிள்யூஎம்ஐ என்பது இதுதான்) என்ற சர்வீஸை மட்டும் நிறுத்தி வைத்துவிடாதே, அதை நம்பி நிறைய இருக்கிறது.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே விசிறி அடங்கி, மூடினதும் மறுபடியும் கத்தினால் என்னைக் கூப்பிடு. உன் மெஷினை ரகசியமாக ஓட்டி யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் மைனிங் வைரஸ்களில் சிலது, ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் பதுங்கிக்கொள்ளும். அப்படி இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட விட வேண்டும். அது ரீஸ்டார்ட் ஆகித்தான் ஓடும், ஒரு கால் மணி நேரம் பிடிக்கும், திறந்து வைத்த வேலையை முதலில் சேவ் செய்துகொள்.

டாஸ்க் மேனேஜரில் எல்லாமே அமைதியாக இருந்தும் விசிறி கத்தினால் பெரும்பாலும் தூசியோ காற்று அடைப்போதான். கட்டிலில் போர்வை மேல் வைத்து வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், காற்றுப் போகிற வழியே அடியில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை கூப்பிடுகிறேன். அதற்குள் மேலே எந்தப் பெயர் நிற்கிறது என்று திரையைப் போட்டோ எடுத்து அனுப்பு, எண்ணும் தெரிகிற மாதிரி. கை ஆடாமல் எடு.

அம்மா