ஞாயிறு அன்று ரைஃபிள் ஆற்றல் சோதனை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, பயிற்சிக்கு முன், எல்லோருடைய காற்று ரைஃபிளையும் க்ரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சோதிக்கிறோம்.

இங்கிலாந்து, வேல்ஸில் காற்று ரைஃபிளின் ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு. தாண்டிய ரைஃபிளைத் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 'தெரியாது' என்பது எடுபடாது.

1. குண்டு நிரப்பாமல், உறையில் வைத்துக் கொண்டுவரவும்.
2. நீங்கள் பயன்படுத்தும் எல்லா எடைக் குண்டும் வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளில் பெரும்பாலும் லேசான குண்டுக்கு ஆற்றல் கூடும், பிசிபியில் (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிய ரைஃபிள்) கனமானதற்கு. ஒரே வகையை வைத்துச் சோதித்துப் பயனில்லை.
3. ஸ்பிரிங் மாற்றியவர்கள் கட்டாயம் வரவும்.
4. ஸ்காட்லாந்து போகிறவர்கள் கவனிக்க: அங்கே 2016 டிசம்பர் 31 முதல் வரம்புக்குள் இருந்தாலும் சான்றிதழோ வருகையாளர் அனுமதியோ தேவை.

வெள்ளிக்குள் பெயர், மாடல் இரண்டையும் இங்கே பதிவிடவும். வெறும் கட்டைவிரல் எமோஜி கணக்கில் வராது!