எல்லா ‘சார்ஜு’ம் கட்டணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் அச்சாகும் தமிழ்ச் செய்திகளில் பல ஆங்கிலத்திலிருந்தோ கன்னடத்திலிருந்தோ மொழிபெயர்த்து வருபவை. அப்படி வரும்போது வழியில் அதிகம் அடிபடும் சொல் ‘சார்ஜ்’. பேச்சில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. போனை சார்ஜில் போடு, ஆட்டோக்காரர் எவ்வளவு சார்ஜ் கேட்டார், புது மேனேஜர் சார்ஜ் எடுத்தாச்சா, பாட்டி எப்ப டிஸ்சார்ஜ் என்று ஒரே மூச்சில் கேட்டாலும் யாரும் குழம்புவதில்லை. அச்சில்தான் வம்பு. அகராதியில் முதலில் நிற்கும் பொருளையே எல்லா இடத்துக்கும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சிக்கல் பாதி தீரும். லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதுதான் ‘சார்ஜ்’ ஆனது. கார், கேரி, கார்கோ எல்லாம் ஒரே குடும்பம். ஒருவரின் மூக்கையோ தாடையையோ வேண்டுமென்றே மிகைப்படுத்தி வரையும் ‘கேரிகேச்சர்’கூட, ‘அளவுக்கு மேல் ஏற்றிய படம்’ என்ற இத்தாலியப் பொருளில் வந்தது. ஏற்றுவது சார்ஜ் என்றால் இறக்குவது டிஸ்சார்ஜ்.

தமிழும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. குற்றத்தைச் ‘சுமத்துகிறோம்’. வரியைச் ‘சுமை’ என்கிறோம். பாட்டரிக்கு மின்சாரம் ‘ஏற்றுகிறோம்’. கன்னடத்தில் குற்றப்பத்திரிகை ‘தோஷாரோப பட்டி’. குற்றம் சாட்டப்பட்டவர் ‘ஆரோபி’. ஆரோபம் என்பது ஏறுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது, ஒருவர் மேல் ஏற்றி வைப்பது என்று பொருள். கச்சேரியில் ஸ்வரங்கள் மேலே ஏறும் ஆரோகணத்துக்கும் அதே வேர்தான். ஒரே ஓர் எச்சரிக்கை: ‘பொறுப்பேற்பு’ இந்தக் கணக்கில் சேராது. மின்னேற்றத்தில் இருப்பது ஏறு, ஏற்று. பொறுப்பேற்பில் இருப்பது ஏல், ஏற்க. ஒலி ஒத்துப்போகிறதே தவிர வேர் வேறு.

ஆகவே மொழிபெயர்ப்பவர் தமிழ்ச் சொல்லைத் தேடும் முன், யார், யார் மீது, எதை ஏற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியை விடுவதால் வாசகர் உண்மையிலேயே ஏமாறும் இடங்கள் உண்டு. அவற்றில் முதலாவது நீதிமன்றம்.

விசாரணை முடித்து போலீசார் நீதிமன்றத்தில் கொடுப்பது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. சட்டம் அதை ‘போலீஸ் அறிக்கை’ என்றே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது 193ஆம் பிரிவு. இதைப் படித்து, இருதரப்பையும் கேட்ட பிறகு, இன்னின்ன பிரிவில் இவர் மீது வழக்கு நடக்கும் என்று நீதிபதி எழுதுவது வேறொரு கட்டம். செஷன்ஸ் வழக்கானால் அது 251ஆம் பிரிவு. நீதிமன்றத் தமிழில் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்ற சொல்லே இருக்கிறது. குயவர் வனைவது போல நீதிபதி வனைகிறார். ‘வனைதல்’ வாசகருக்குப் புரியாது என்று நினைத்தால் ‘குற்றச்சாட்டு பதிவு’ என்று எழுதலாம். ஆனால் இரண்டு கட்டத்துக்கும் ‘குற்றப்பத்திரிகை தாக்கல்’ என்றே எழுதினால், ஆறு மாதம் கழித்து அதே வழக்கில் மீண்டும் குற்றப்பத்திரிகையா என்று வாசகர் விழிப்பார். இதில் ஜாமீன் கணக்கும் இருக்கிறது. காவலில் இருப்பவர் மீது 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. அந்த நாள் கணக்கு போலீசாரின் பத்திரிகைக்குத்தான், நீதிபதியின் குற்றச்சாட்டுக்கு அல்ல.

நீதிமன்ற ‘டிஸ்சார்ஜ்’ இன்னும் மோசமாக அடிபடுகிறது. வழக்கை நடத்தவே போதிய முகாந்திரம் இல்லை என்று தொடக்கத்திலேயே விடுவது டிஸ்சார்ஜ். சாட்சிகளை விசாரித்து, குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னதை ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’ என்றும் பின்னதை ‘விடுதலை’ என்றும் பிரித்து எழுதினால் போதும். பிரிக்காமல் விட்டால் என்ன? விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் வழக்கில் சேர்க்கலாம். ‘விடுதலையானவர் மீது மறுபடியும் வழக்கா?’ என்று வாசகர்கள் கொதிப்பதில் ஒரு பங்கு நம் சொல்லால் வந்த வினை.

பொதுத்துறை நிறுவனங்கள் நிறைந்த ஊர் இது. ஊழியர் ஒருவருக்குத் துறை நடவடிக்கையாக ‘சார்ஜ் மெமோ’ கொடுத்தால் அது ‘குற்றச்சாட்டுக் குறிப்பாணை’. அதையும் குற்றப்பத்திரிகை என்று போட்டால், அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த மனிதர் கிரிமினல் கேஸில் சிக்கியவர் போல் ஆகிவிடுகிறார். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது காவிரி. ‘பிலிகுண்டுலுவில் 10 ஆயிரம் கனஅடி திறப்பு’ என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. பிலிகுண்டுலுவில் திறப்பதற்கு அணையோ மதகோ கிடையாது. அது கர்நாடக, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம். மூலத்தில் உள்ள ‘டிஸ்சார்ஜ்’, அந்த இடத்தை ஒரு வினாடியில் கடக்கும் நீரின் அளவைச் சொல்கிறது. ‘நீர்வரத்து’ அல்லது ‘நீரோட்டம்’ என்றால் சரி. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் நடப்பதுதான் திறப்பு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இடையில் ஷிம்ஷாவும் அர்க்காவதியும் வந்து கலக்கின்றன. அர்க்காவதியில் கலக்கும் விருஷபாவதி நம் ஊர்க் கழிவையே சுமந்து போகிறது. அதற்கும் ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ்தான், தமிழில் ‘கழிவுநீர் வெளியேற்றம்’. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கனஅடி. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னதைக் கணக்குப் பார்ப்பது பிலிகுண்டுலுவில்தான். எது திறப்பு, எது ஓட்டம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இரு மாநிலத்திலும் ஆளாளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

பில்களில் வரும் சார்ஜ் பெரும்பாலும் கட்டணமே. ஆனாலும் எந்தக் கட்டணம் என்று பார்க்க வேண்டும். மின்சார பில்லில் ‘ஃபிக்சட் சார்ஜ்’ என்பது வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட் அளவைப் பொறுத்த நிலைக் கட்டணம். ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். எரித்த யூனிட்டுக்கு வருவது வேறு. ஓட்டல் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றால் சேவைக் கட்டணம். அதைச் ‘சேவை வரி’ என்று எழுதுவது வாசகரின் பையில் கைவைப்பதற்குச் சமம். சேவை வரி 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி.யில் கரைந்துவிட்டது. வரி என்றால் கொடுத்தே தீர வேண்டும். சேவைக் கட்டணம் அப்படியில்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று சொன்னது.

பாட்டரிக்கு வருவோம். அறிவியல் பக்கத்தில் ‘மின்னூட்டம்’, ‘மின்னேற்றம்’ இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் போடுகிறார்கள். கூலும் அலகில் அளக்கும் பண்பு மின்னூட்டம். எலக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர். பாட்டரிக்குச் செய்யும் வேலை மின்னேற்றம். சார்ஜ் ஏறிய பாட்டரியில் மின்னூட்டம் கூடியிருப்பதில்லை. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் போகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியே வந்துவிடுகிறது. உள்ளே தங்குவது வேதியியல் ஆற்றல். ‘பாட்டரி’ என்ற பெயரே பீரங்கி வரிசையிலிருந்து வந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1749இல் 11 கண்ணாடிப் பலகைகளை ஈயத் தகடுகளோடு அடுக்கி அதற்கு அந்தப் பெயரை வைத்தார். பீரங்கியில் வெடிமருந்து அடைப்பதும் சார்ஜ்தான்.

‘லத்தி சார்ஜ்’ வரும்போது யோசிக்கவே வேண்டாம், தடியடி என்ற சொல் கையிலேயே இருக்கிறது. ‘மொபைலுக்கு மின்னேற்றம் செய்தபோது’ என்று விபத்துச் செய்தியில் எழுத வேண்டியதும் இல்லை. ‘சார்ஜ் போட்டபோது’ என்று இங்கே நாலு வயதுக் குழந்தைகூடச் சொல்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு.