பையனோட இடது காலுக்கு மார்க் போட்டவங்களுக்கு

தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். மார்ச் கடைசியில பையன் பொறந்தப்ப இடது பாதம் உள்பக்கமா மடங்கி இருந்துச்சு. கிரகணத்தப்ப வெளிய வந்தியான்னு ஆளாளுக்குக் கேட்டு வீட்டுக்காரிய அழ வச்சாங்க (ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல), மொதல்ல காட்டுன எடத்துல எண்ணெய் தடவி நீவி விடுங்க சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க. எங்க ஊரு நர்ஸக்காதான் பாத்த ஒடனே, தம்பி இது நீவுனா போறதில்ல, நாளைக்கே ராம்நாட்டுக்குக் கெளம்புன்னு வெரட்டுனாங்க. அக்கா, மொத நன்றி ஒங்களுக்கு.

அங்க டாக்டரம்மா, பாதம் எவ்வளவு மடங்கியிருக்குன்னு அளக்குற பிரானி ஸ்கோர்னு ஒண்ணு போட்டாங்க. நடுப்பாதத்துல மூணு, குதிகால் பக்கம் மூணு, ஒவ்வொண்ணுக்கும் 0, 0.5, இல்ல 1, மொத்தம் 6, ஸ்கூல் மார்க்குக்கு நேர் தலகீழ், கூடுனா மோசம். குதிகால் எலும்பு கைக்குத் தட்டுப்படுதான்னு பாக்கணுமாம். என்னையவே என் தாடை, மூக்கு நுனி, கன்னம்னு வரிசையா தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. தாடை மாதிரி இருந்தா 0, மூக்கு மாதிரின்னா 0.5, கன்னம் மாதிரி மெத்துன்னு இருந்தா 1. பையன் குதிகால அமுக்குனேன். கன்னம்.

மொத்தம் 5.5. ஆபரேஷனான்னு கேட்டேன், பெரிய ஆபரேஷன்லாம் வேணாம், கட்டுதான் கூட ஆகும்னாங்க.

வாரா வாரம் தொடை வரைக்கும் மாவுக்கட்டு, பழசப் பிரிக்கிறப்பல்லாம் புது மார்க். நடுப்பாதம் மளமளன்னு எறங்குச்சு, குதிகால் மட்டும் அசையல, அது கடைசியிலதான் வரும்னு கட்டு போடுற அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு, பாலாடையில பால் குடுத்துக்கிட்டே இருங்க அழமாட்டான்னு சொன்னதும் அவருதான். ஆறு கட்டுக்கப்பறம் குதிகால் தசைநாணச் சின்னதா வெட்டிவிட்டு மூணு வாரம் இன்னொரு கட்டு. ஜூன் 14ல மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கெளம்பிருச்சு, எனக்குப் பதிலா வேற ஆள ஏத்திக்கிட்டு நீ புள்ளயப் பாருடான்னாரு எங்க போட்டு மொதலாளி சம்மாட்டி. மறக்கமாட்டேன் ஐயா.

கம்பி வச்ச ஷூவ மூணு மாசம் தெனமும் 23 மணி நேரம் போட்டாச்சு, இப்ப தூங்குறப்ப மட்டும்தான், அது நாலு வயசு வரைக்கும் உண்டு. நேத்து அமுக்கிப் பாத்தேன் டாக்டரம்மா. மூக்கத் தாண்டிருச்சு, தாடைக்கு இன்னும் கொஞ்சம்.