மூலப் படங்களைத் திருப்பித் தாருங்கள்: வார இதழ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வார இதழ்களின் உரிமையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்களுள் ஓர் இதழ் தன் பழைய நடுப்பக்க ஓவியங்களை வழவழப்பான தாளில் மறுபடி அச்சிட்டு, எண்ணிட்டு, சட்டமிட்டு, சேகரிப்பாளர் பதிப்பு என்று விற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். வாங்கியவர்களுள் நானும் ஒருவன். தாவணிப் பெண் ஒருத்தி கிணற்றடியில் கூந்தல் உலர்த்தும் அந்தப் படத்தில், வலது மூலையில் இருந்த ஓவியரின் கையெழுத்து சட்டத்தின் அளவுக்காக வெட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தில் இதழின் பெயர், விலை, வரிசை எண் எல்லாம் உண்டு. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை.

அவர் இன்று உயிரோடு இல்லை. மூலப் படத்தைக் கேட்டு அவருடைய மகள் எழுதிய கடிதத்துக்கு, அது நிறுவனத்தின் சொத்து என்று பதில் வந்தது. நேரில் போனபோதோ, அலுவலகம் இடம் மாறிய சமயத்தில் பழைய தாள்களோடு எடைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். சொத்து என்றால் அதற்கொரு கணக்கு இருக்க வேண்டாமா? அந்த அம்மையார் இன்றைக்கும் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் பழைய இதழ்களைக் காசு கொடுத்து வாங்கி, தந்தை வரைந்த பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து வருகிறார்.

அதே காலத்து மூலப் படம் ஒன்று பழைய தாள் கடையிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. தடித்த அட்டையில் போஸ்டர் கலர். ஓரத்தில் அச்சுக்கான பிளாக் செய்பவருக்காக நீலப் பென்சிலில் குறித்த அளவு. மூக்குத்தியை இடம் மாற்றுவதற்காக வெள்ளை பூசி மறுபடி தீட்டிய தடம். அச்சில் இவை எதுவும் தெரியாது. படக்கதைப் பக்கங்களின் கதியும் இதுதான். வசனம் எழுதி ஒட்டிய துண்டுத் தாள்கள் உதிர்ந்து, பசைக்கறை மட்டும் மிஞ்சிய பக்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: உங்களிடம் எஞ்சியுள்ள மூலப் படங்களை ஓவியர்களிடமோ அவர்களுடைய வாரிசுகளிடமோ ஒப்படையுங்கள்.

அமெரிக்காவில் படக்கதை ஓவியர் ஜாக் கிர்பி, தாம் வரைந்த படக்கதைப் பக்கங்களுக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1987இல் அவற்றில் ஒரு பகுதியைத்தான் திரும்பப் பெற்றார். 1984இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் இடம்பெறும் படக்கதையொன்றின் ஒரே ஒரு மூலப் பக்கம் 2022 ஜனவரியில் டாலஸ் நகர ஏலத்தில் 33.6 இலட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை இங்கே வேண்டாம். எடைக்குப் போடாமல் இருந்தாலே போதும். அழிந்துவரும் கலைகளைப் பற்றித் தீபாவளி மலர்தோறும் கண்ணீர் வடிக்கும் நீங்கள், அந்தப் பட்டியலில் உங்கள் கிடங்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. பதிப்புரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும், படைத்தவர் தாமே என்று உரிமை கோர 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே மறுபதிப்புகளில் பெயரை அச்சிடுவது சலுகை ஆகாது. கிடங்கில் இருப்பவற்றை ஓவியர் பெயரோடு பட்டியலிட்டு வெளியிடுங்கள். மூலப் படங்களை உரியவர்களிடம் திருப்பித் தாருங்கள். அந்தப் பணி முடியும்வரை, சேகரிப்பாளர் பதிப்பின் அடுத்த வரிசையை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய இதழ்களைச் சேகரிக்கும் வாசகன்