முனகட்டா கோயிலைப் பற்றித் தமிழில் ஒரு நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா மாநிலக் கடற்கரையில் இருக்கும் முனகட்டா என்ற ஷிண்டோ (ஜப்பானின் பூர்விகச் சமயம்) கோயிலின் வரலாற்றைத் தமிழில் நூலாகக் கொண்டுவர இருக்கிறோம். எழுதி முடித்தாயிற்று. அச்சுக்குத்தான் பணம் வேண்டும்.

பெயர் ஒன்று என்றாலும் இந்தக் கோயில் மூன்று இடங்களில் இருக்கிறது. கரைப்பக்கத்தில் ஹெட்சுமியா, ஓஷிமா தீவில் நகட்சுமியா, கரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் ஒகினோஷிமா தீவில் ஒகிட்சுமியா. சூரியதேவி அமதெராசு தன் தம்பியின் வாளை மென்று ஊதியபோது, அந்த மூச்சில் பிறந்த மூன்று சகோதரிகள் ஆளுக்கோர் இடத்தில் இருந்து கடல்வழியைக் காக்கிறார்கள் என்பது நம்பிக்கை. ஹெட்சுமியாவில் இருப்பவள் இச்சிகிஷிமாஹிமே. பிற்காலத்தில் இவளை பென்சைட்டென் என்ற தெய்வத்தோடு சேர்த்தே ஜப்பானியர் வழிபட்டார்கள். பென்சைட்டென் வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். நூலில் இதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது.

எங்களை இந்த வேலையில் இழுத்துப் போட்டது ஒகினோஷிமா. கொரியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் போன காலத்தில், 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 9ஆம் நூற்றாண்டு வரை, பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று இந்தத் தீவில் பூசை நடந்திருக்கிறது. முதலில் பெரும்பாறைகளின் உச்சியில் வைத்து வழிபட்டார்கள். அப்புறம் பாறையின் நிழலுக்கு வந்தார்கள், கடைசியில் திறந்த வெளிக்கு. படைத்த பொருள்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகள், கொரியாவின் சில்லா நாட்டுப் பொன் மோதிரம், பாரசீகத்திலிருந்து வந்த கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டு என்று எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடந்தன. ஒரு புல்லைக்கூடத் தீவிலிருந்து எடுத்து வரக் கூடாது, அங்கே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் அவற்றைக் காப்பாற்றியது. காவலுக்கு ஆள் போட்டுக் காத்ததல்ல. பயபக்தியால் காத்தது. இதைப் படிக்கும் யாருக்கும் வியப்பு வராமல் இருக்காது.

1954 முதல் 1971 வரை மூன்று கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்தது. தோண்டப் போனவர்களும் கடலில் முழுகித் தூய்மை செய்துகொண்டுதான் தீவுக்குள் போனார்கள். கிடைத்த பொருள்கள் சுமார் 80,000. அத்தனையும் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள். அகழாய்வுக்குப் பின்னால் நின்றது 1942இல் தொடங்கிய கோயில் மீட்புச் சங்கம். அதை முன்னின்று நடத்தியவர் எண்ணெய் வணிகர் இதெமிட்சு சாசோ, அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஊர்க்கோயிலுக்காக ஒருவர் எடுத்த முயற்சி உலகத்துக்கே ஒரு வரலாற்றைத் திறந்துகொடுத்தது. 2017இல் யுனெஸ்கோ இந்தத் தலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒகினோஷிமாவுக்குப் பெண்கள் போகக் கூடாது என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆண்களும் ஆண்டுக்கு ஒரு நாள், மே 27 அன்று, குறைந்த எண்ணிக்கையில் போய்வந்தார்கள். 2018 முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பூசாரிகள் மட்டும் முறை வைத்து, பத்து நாளுக்கு ஒருவராகத் தங்குகிறார்கள். பெண்களுக்கான தடையை நியாயப்படுத்தி எழுதக் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது என்று குழுவில் உள்ள பெண்கள் உறுதியாக நின்றார்கள். நூலும் அப்படித்தான் வந்திருக்கிறது. மற்றவர்கள் ஓஷிமாவின் வடகரையில் நின்று, கடலைப் பார்த்தபடி தொலைவிலிருந்தே கும்பிடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெண்களும் போகலாம்.

அக்டோபர் 1ஆம் தேதி நடக்கும் மியாரே திருவிழா மீனவர்களுடையது. நின்றுபோயிருந்த இந்த விழாவை 1962இல் மறுபடி தொடங்கினார்கள். தீவுகளில் இருக்கும் இரு சகோதரிகளையும் பல்லக்கோடு படகில் ஏற்றி, கொடி கட்டிய மீன்பிடிப் படகுகள் சூழக் கரைக்கு அழைத்து வருகிறார்கள். மூவரும் ஹெட்சுமியாவில் ஒன்றுகூடுகிறார்கள். கடலோர ஊரில் வளர்ந்த தமிழர் எவருக்கும் இந்த அத்தியாயம் பிடிக்கும்.

இனி செலவுக் கணக்கு. 1,000 பிரதிகள் அச்சிட, வண்ணப் படங்களுக்கான உரிமைக் கட்டணத்தையும் சேர்த்து, 2 லட்சம் ரூபாய் ஆகும். அதில் 80,000 ரூபாயைக் குழுவினரே போட்டிருக்கிறோம். எழுதியவர்களும் ஜப்பானிய மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியவர்களும் ஊதியம் வாங்கவில்லை. 600 பிரதிகள் பள்ளி நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் இலவசமாகப் போகும். மீதியை அடக்க விலைக்குக் கொடுப்போம்.

200 ரூபாய் கொடுத்தால் ஒரு பிரதி ஒரு நூலகத்துக்குப் போய்ச் சேரும். முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள், முடியாதவர்கள் 50 ரூபாய் கொடுத்தாலும் சரி. இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்தவரிடமே பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் தொகை குறிப்பிடாமல் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். பெயர் வேண்டாம் என்றால் ரசீது வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அச்சு முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைக் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழு