இரண்டு போக்ஸ் கம்பிக்கும் ஒரு டியூப் லைட்டுக்கும்

மகனோடு 41 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று சாயங்காலம் கோத்தகிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாசல் படி மூன்றையும் அவனாகவே ஏறினான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாக வந்த அவன் கல்லூரி நண்பர்கள், பெயர் போடாமல் பணம் அனுப்பியவர்கள், 41 நாளும் எங்கள் நாய்க்குச் சோறு வைத்த பக்கத்து வீட்டு அக்கா, ஐ.சி.யு. சிஸ்டர்கள், டாக்டர்கள், எனக்கு லீவு கிடைக்கும்படி என் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்த அலுவலகத் தோழிகள் எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன். இந்த மடலில் நான் அதிகம் சொல்லப்போவது உங்களில் யாரும் பார்த்திராத ஒருவரைப் பற்றி. இரண்டாவது மாடியில் நைட் ட்யூட்டி பார்த்த செக்யூரிட்டி அண்ணன்.

ஏ.சி. குளிரில் மகனின் பாதம் சில்லிட்டுக் கிடந்தது. கடையில் வாங்கிய சாக்ஸின் எலாஸ்டிக் கணுக்காலில் தடம் பதித்தது. நானே பின்னித் தருகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தது அம்மா சொல்லிக்கொடுத்த இரண்டு பின்னல்தான்: போகும் வரிசைக்கு நிட், திரும்பி வரும் வரிசைக்கு பர்ல். அதை வைத்து மஃப்ளர் போடலாம். சாக்ஸ் குழாய் மாதிரி, தையலே இல்லாமல் வர வேண்டும். அதற்கு இரண்டு முனையும் கூரான குட்டை ஊசி நான்கு தேவை. கோவை ஒப்பணக்காரத் தெருவில் ஏறி இறங்கிய கடைகளில் ஒரு பக்கம் குமிழ் வைத்த நீள ஊசிதான் இருந்தது.

பத்து மணிக்கு வராந்தா விளக்கெல்லாம் அணைந்துவிடும். போனில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே ஈர்க்குச்சிகளில் கண்ணி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி ஒடிந்தது. அண்ணன் வந்து நின்றார். "என்னங்கம்மா பண்றீங்க?" என்றார். சொன்னேன். ஒடிந்த குச்சியை வாங்கி நீளம் பார்த்தார், தடிமன் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் இரவு பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தார். இரண்டு சைக்கிள் போக்ஸ் கம்பி. வளைந்த தலையையும் மரையையும் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, நான்கு ஊசி செய்திருந்தார். எட்டு முனையையும் கல்லில் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, நூலில் மாட்டாத அளவுக்கு வழவழப்பாக்கி, தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். கூர் இருந்தது, குத்தவில்லை. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "பழைய சக்கரத்துல கெடந்ததுங்க" என்றார். அன்றிலிருந்து என் பெஞ்சுக்கு மேலிருந்த டியூப் லைட் மட்டும் அணையவில்லை. சூப்பர்வைசரிடம் அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். அதை எனக்கு ஒரு சிஸ்டர்தான் சொன்னார்.

அந்த வெளிச்சத்தில் எனக்குக் கிடைத்ததை எப்படிச் சொல்வது? 60 கண்ணி, மூன்று ஊசியில் இருபது இருபதாக. நான்காவது ஊசியால் போட வேண்டும். வீடியோவில் இருந்தவர் நூலை இடது கையில் பிடித்தார், நான் வலது கையில் பிடிப்பவள். அவர் கையை என் கைக்கு மாற்றி மாற்றி யோசித்ததில் மணி போனது தெரியவில்லை. பர்ல் போடாமலே துணி மேடு பள்ளம் இல்லாமல் வழவழப்பாக வருவதைப் பார்த்து, ஏன் ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றிச் சுற்றிப் போகும்போது துணியின் முன்பக்கம்தானே எப்போதும் நம்மைப் பார்க்கிறது! திரும்பி வரும் வரிசையே இல்லை, அப்புறம் பர்ல் எதற்கு? யாரும் சொல்லாமல் எனக்கே இது புரிந்தபோது, அந்தப் பெஞ்சில், அந்த நாட்களில், சந்தோஷப்பட்டேன்.

குதிகால்தான் கஷ்டம். வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்ப வேண்டும். நான்கு முறை பிரித்தேன். ஐந்தாவது முறை 30 கண்ணி 18 ஆகக் குறைந்தபோது, தட்டையாக இருந்த துணி என் உள்ளங்கையில் கிண்ணம் மாதிரி குழிந்து உட்கார்ந்தது. விடிகாலை மூன்றரை மணி. காட்டுவதற்கு அண்ணனைத் தவிர வேறு யாரும் இல்லை. வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்து, "குதியே வந்துருச்சுங்களே" என்றார். அந்த ராத்திரிக்குப் பிறகு, காலையில் டாக்டர் என்ன சொல்வார் என்ற பயத்தை என்னால் தாங்க முடிந்தது.

இனி எங்கே போனாலும் என் பையில் ஒரு செட் ஊசியும் நூலும் கூடுதலாக இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருவேன். வேண்டும் என்றால் கொடுப்பேன், வேண்டாம் என்றால் சும்மா கூட இருப்பேன்.

அண்ணா, உங்கள் பாதத்தை நூலால் அளந்து எடுத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? சாம்பல் நிறத்தில் ஒரு கால் சாக்ஸ் முடிந்துவிட்டது, இன்னொன்று குதிகால் வரை வந்திருக்கிறது. உங்கள் கம்பியில்தான் போடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வருகிறோம். ராத்திரி வரை இருந்து உங்களைப் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவோம்.