ஃபெடோரின் வலக்கை: வவுனியாவுக்கு ஒரு கடிதம்

ஒட்டுசுட்டான்
மாசி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். காலபோக வெட்டு முடிந்து நெல்லுக் காய்கிறது. மழை குழப்பாமல் இருந்தால் சரி. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

இனி உன் வழக்குக்கு வாறன். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக்காரன், ரஷ்யாவின் ஃபெடோர் எமெலியானென்கோவின் பேரெல்லாம் பிரைட் போட்டி நடத்தின ஜப்பான்காரன் ஊதிவிட்ட பலூன், அமெரிக்காவின் யூ.எஃப்.சி. கூண்டுச் சண்டைக்கு வந்திருந்தால் சாயம் வெளுத்திருக்கும், பிறகு கூண்டு அவனைத் தோற்கடித்ததே சாட்சி என்கிறாய். பாதி சரி. 2005 கடைசி நாளில் சுலுசின்யோ என்ற மலை போன்ற ஆளை அரை நிமிடத்துக்குள் முடித்ததையும், 2007 கடைசி நாளில் 218 செ.மீ. உயரமான சோய் ஹொங்-மானின் கையை முறுக்கி வென்றதையும் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அது வருடப் பிறப்புத் திருவிழாவுக்குக் கட்டின வாணவேடிக்கை. ஆனால் 2008 இல் டிம் சில்வியாவை 36 செக்கனில் முடித்தது, 2009 ஜனவரியில் ஆர்லொவ்ஸ்கியை ஒரே குத்தில் விழுத்தினது இரண்டையும் எங்கே வைக்கப் போகிறாய்? இரண்டு பேரும் யூ.எஃப்.சி. பட்டம் கட்டியிருந்தவர்கள்.

ஆளின் பலம் எது என்பதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். 183 செ.மீ. உயரம், 105 கிலோவுக்குக் கிட்ட எடை, கொஞ்சம் தொந்தி. அந்த எடைப்பிரிவில் அது சின்ன உடம்பு. அவனுடைய வேலை நின்று குத்துவதும் அல்ல, நிலத்தில் உருளுவதும் அல்ல. இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற அந்த அரைச் செக்கன்.

வலக்கைக் குத்தை மெதுவாக ஓட்டிப் பார். சாதாரண ஹூக்கில் (பக்கத்தால் வளைத்துக் குத்துவது) முழங்கையும் கைமுட்டியும் ஒரே மட்டத்தில் வரும். இவனுக்குத் தோள் உள்ளே திரும்பி, முழங்கை கைமுட்டிக்கு மேலே எழும்பி, பெருவிரல் நிலத்தைப் பார்க்கும். குளத்தில் வீச்சுவலை எறிகிறவனின் தோளைப் பார்த்திருப்பாய், அப்படி. எதிராளியின் காவல் கைக்கு மேலாலே சுற்றி வந்து விழும். பட்டால் ஆள் விழுவான். படாவிட்டாலும் கை வீணாகத் திரும்பாது: முன்னங்கை எதிராளியின் பிடரியில் விழும், அப்படியே கழுத்தைக் கட்டி, இடுப்பைக் கொண்டுபோய் ஒட்டி, காலைத் தட்டிவிடுவான். சம்போ என்ற ரஷ்ய மல்யுத்தமும் ஜூடோவும் அங்கே வந்து சேருகின்றன. 2003 இல் ஃபுஜித்தாவின் குத்தில் கால் தள்ளாடினபோது ஆளைக் காப்பாற்றினதும் இந்தக் கட்டிப்பிடிதான்.

உன்னிடம் வருகிற பெடியளுக்கு இதைக் காட்டப் போகிறாய் என்றால் ஒன்று கவனி. தோள் முழுக்கத் திரும்பாவிட்டால் சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் படவேண்டிய இடத்தில் பெருவிரலின் அடி போய் இடிக்கும், கை உடையும். ஃபெடோருக்கே கையில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்து 2006 இல் பிரைட்டின் கிராண்ட் பிரி சுற்றுப்போட்டியில் இறங்க முடியாமல் போனது. முதல் இரண்டு கிழமைக்கு உமி மூட்டைக்குத் திறந்த கையால் அடிக்கவிடு, குத்து வேண்டாம். உமி இறுகிக் கீழே இறங்கும், இடைக்கிடை மூட்டையைப் புரட்டிப் போட வேண்டும். நிலத்துக்குச் சாக்குப் பரப்பிப் படங்கு விரிக்கிறதானால் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்துவிடு. நடுவில் வெளி விட்டால் கணுக்கால் அதுக்குள்ளேதான் போகும். ரான்டில்மன் 2004 இல் அவனைப் பின்னாலே தூக்கிப் பிடரிபட எறிந்ததை ஒருத்தரும் செய்து பார்க்கக் கூடாது. அப்படி விழுந்தும் அந்தச் சண்டையை மொத்தம் 93 செக்கனில் கிமுரா என்ற கைமுறுக்குப் பூட்டுப் போட்டு வென்றான் என்பது வேறு கதை.

இப்ப பிரேசில்காரன் நொகேய்ரா. 2003 மார்ச் 16, யோக்கஹாமா. பிரைட் பட்டம் அப்போது நொகேய்ராவிடம். அவன் மல்லாந்து கிடந்தாலே எதிராளி பயப்படுவான், கால்களுக்குள் போனவனின் கை கழுத்தோடு சேர்ந்து பூட்டுப்படும். ஃபெடோர் நேரே அதுக்குள்ளே போய் இருந்து அடித்தான். எப்படி அது இயன்றது என்றால், தலை இடுப்புக்கு முன்னால் சரியவில்லை. ஒரு கை எதிராளியின் புயத்தை அல்லது மணிக்கட்டை அமத்திக்கொண்டே இருந்தது. அடிக்கிறபோது மட்டும் எழும்பி, அடி விழுந்த கையை அங்கே ஆறவிடாமல் உடனே இழுத்தான். முழங்கை வெளியே நின்றால் ட்ரையாங்கிள் (கழுத்தையும் கையையும் காலால் பூட்டுவது), கை நீண்டு நின்றால் ஆர்ம்பார் (முழங்கையை நீட்டி முறிக்கிற பூட்டு). இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

அதே நொகேய்ராவை 2004 டிசம்பர் 31 இல் மூன்றாவது முறை சந்தித்தபோது நிலத்துக்குப் போகவே பெரிதாக விரும்பவில்லை. நின்று குத்தினான், பிடித்து எறிந்தான், அவன் மல்லாந்து கூப்பிட்டால் விலகி நின்று எழும்பவிட்டான். எனக்கு அதுதான் அவனுடைய மிகப் புத்தியான சண்டை. உதைக்குப் பேர்போன கிரோ கொப்போடு போட்ட சண்டையை (2005 ஆகஸ்ட், சைத்தாமா) எல்லாரும் சொல்வார்கள். அதுவும் பெரிய வேலைதான்: இடக்கால் உதைக்காரனுக்குத் தூரமும் ஊன்றுகாலும் வேண்டும், இவன் 20 நிமிடமும் முன்னேறிக்கொண்டே இருந்து இரண்டையும் கொடுக்கவில்லை.

2010 ஜூன் 26 க்கு வா. வெர்டூம், ஜியுஜிட்சுவில் உலகப் பட்டக்காரன். ஃபெடோரின் குத்தோடு நிலத்தில் சாய்கிறான். 2004 இல் விலகி நிற்கத் தெரிந்த ஆள் இங்கே பாய்ந்து கால்களுக்குள் போகிறான், கை நீள்கிறது, 69 செக்கனில் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுகிறான். அதிர்ஷ்டம் என்று பலர் சொன்னார்கள். சரி, அடுத்த வருடம் ஜூலையில் ஹென்டர்சன்? அதே கதை. குத்தி விழுத்தினான், முடிக்கப் பாய்ந்தான், கீழே கிடந்தவன் வழுக்கிப் பின்பக்கம் வந்து கமக்கட்டுக்குக் கீழாலே குத்தினான். முகங்குப்புற விழுந்தது ஃபெடோர். இரண்டுக்கும் நடுவில் சில்வா என்ற பிரேசில்காரனிடம் தோற்றது வேறு வகை: தன்னைவிட நல்ல பாரமான ஒருத்தன் மேலே ஏறி இருந்தால் 105 கிலோ போதாது, அவ்வளவுதான்.

ஆகவே கூண்டு அவனைத் தோற்கடித்தது என்ற உன் வாதம் எனக்குச் சரிவரவில்லை. விழுந்தவன் எழும்பமுதல் மேலே விழுவதுதான் அவனை உயர்த்தினது, அதே பழக்கந்தான் கால் கொஞ்சம் பிந்தத் தொடங்கினபோது கவிழ்த்தது. கூண்டின் வலைக் கம்பியில் முதுகைச் சாய்த்து எழும்பத் தெரிந்த தலைமுறையோடு, முழங்கையால் அடிக்கலாம் என்ற விதியில் மோதியிருந்தால் சில சண்டை மாறியிருக்கும். பிரைட்டில் நிலத்தில் கிடப்பவனின் தலையை உதைக்கவும் விட்டார்கள் என்பதையும் மற்றத் தட்டில் போடு. 2003 இலிருந்து 2005 வரை அந்த எடையில் அவனுக்கு நிகர் இல்லை. எல்லாக் காலத்துக்கும் என்று கேட்டால் பிற்காலத்து யூ.எஃப்.சி. பட்டக்காரன் மியோச்சிச்சோடு வைத்து நான் சண்டை பிடிக்கத் தயாரில்லை.

ஹென்டர்சன் சண்டையின் கடைசி அரை நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு எழுது. பாய்கிறபோது ஃபெடோரின் இடக்கை எதைப் பிடித்திருக்கிறது என்று பார். நான் பார்த்த வரைக்கும் எதையுமே பிடிக்கவில்லை.

அன்புடன்,
குமார்

பி.கு: உமி வேண்டுமென்றால் சொல், இங்கே ஆலையடியில் சும்மா கிடக்கிறது. சாக்கை மட்டும் அனுப்பு.